பன்னிரண்டு-பதிமூன்று ஸ்பேனர்

சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் போகும் தடத்தில் திருநின்றவூரைத் தாண்டினால் வேப்பம்பட்டு. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இந்த வழியாகத்தான் போனது. தண்டவாளத்தோடு கிழக்கே போனால் ஆவடி, அம்பத்தூர், பெரம்பூர், மேற்கே திருவள்ளூர். நாற்பது கிலோமீட்டர்கூட இல்லாத இந்தத் துண்டில் சுதந்திரத்துக்குப் பிறகு வந்து இறங்கிய வெளிநாட்டு வரைபடங்களைக் கணக்கெடுத்தால் வியப்பாக இருக்கும். பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலைக்கு சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனம். ஆவடி டாங்கித் தொழிற்சாலைக்கு முதலில் பிரிட்டனின் விக்கர்ஸ், பிறகு சோவியத் ஒன்றியம். அம்பத்தூர் டி.ஐ. சைக்கிளுக்கு பிரிட்டிஷ் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ். திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998 முதல் ஜப்பானின் மிட்சுபிஷி கார்களைச் செய்தது. அதே நிறுவனத்தின் மண்வாரி இயந்திரப் பிரிவை 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கேட்டர்பில்லர் வாங்கியது.

வந்தவர்கள் தொழில்நுட்பத்தோடு தங்கள் போல்ட்டையும் நட்டையும் கொண்டுவந்தார்கள். ஒருவருடைய நட்டு மற்றவருடைய போல்ட்டில் ஏறாது. ஒப்பந்தம் முடிந்து கூட்டாளி ஊர் திரும்பிய பிறகும் அந்த மரை இங்கேயே தங்கிவிடும். பூந்தமல்லி நெடுஞ்சாலையோர மெக்கானிக்கின் தகரப்பெட்டியைத் திறந்தால் அரை நூற்றாண்டு இந்தியத் தொழில்கொள்கை அடுக்கடுக்காகக் கிடப்பது அதனால்தான்.

ஒரு மரையைச் சொல்ல மூன்று விவரம் வேண்டும். போல்ட்டின் விட்டம் ஒன்று. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் உள்ள இடைவெளி, அதாவது பிட்ச், இன்னொன்று. மரையின் இரு சரிவுகளும் சேரும் கோணம் மூன்றாவது. விட்டத்தைக் கண்ணால் ஓரளவு மதிப்பிடலாம். பிட்ச்சைப் பார்க்க ரம்பப் பல்போல் வெட்டிய பிட்ச் கேஜ் வேண்டும். கோணத்தை வெறுங்கண்ணால் பிரித்தறிய யாராலும் முடியாது. தகராறுகள் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் கண்ணுக்குத் தப்புகின்றன.

1841-க்கு முன்பு ஒவ்வொரு பட்டறையும் தனக்குப் பிடித்த மரையை வெட்டிக்கொண்டிருந்தது. மான்செஸ்டரின் ஜோசப் விட்வொர்த் பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைச் சேகரித்து, அளந்து, சராசரி எடுத்து, அந்த ஆண்டு லண்டனில் சிவில் பொறியாளர் கழகத்தின் முன் ஒரு பொது அளவை முன்வைத்தார். கோணம் 55 டிகிரி. மரையின் முனையும் அடியும் உருண்டையாக இருக்க வேண்டும். பிரிட்டிஷ் ரயில்வேக்கள் அதை எடுத்துக்கொண்டன. ரயில்வே போன இடமெல்லாம் 55 டிகிரியும் போனது. 1864-இல் பிலடெல்பியாவின் வில்லியம் செல்லர்ஸ் இதை மறுத்தார். உருண்டை முனையுள்ள மரையை வெட்டப் பல வெட்டுளிகளும் தேர்ந்த தொழிலாளியும் வேண்டும். 60 டிகிரி கோணமும் தட்டையான முனையும் இருந்தால் ஒரே வெட்டுளியில் சாதாரணத் தொழிலாளியே வெட்டிவிடுவான் என்பது அவர் வாதம். கைத்திறன் மலிந்த நாடு ஒரு மரையையும் ஆள்பற்றாக்குறை நிலவிய நாடு வேறொரு மரையையும் தேர்ந்துகொண்டன என்றே இதைப் படிக்க வேண்டும். ஐரோப்பியக் கண்டத்து நாடுகள் 1898-இல் சூரிச்சில் கூடி 60 டிகிரியை எடுத்துக்கொண்டு, அளவை மட்டும் மில்லிமீட்டரில் வைத்தன.

இந்தப் பிளவின் விலை இரண்டாம் உலகப் போரில் தெரிந்தது. ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் விமான எஞ்சினை அமெரிக்காவில் செய்ய 1940-இல் பேக்கார்டு கார் நிறுவனம் ஒப்புக்கொண்டது. எஞ்சின் முழுக்க பிரிட்டிஷ் மரை. அதை வெட்டும் டாப்பும் டையும் அமெரிக்கச் சந்தையில் கிடைக்காததால் பேக்கார்டு அவற்றைத் தானே செய்துகொள்ள வேண்டியதாயிற்று. போர் முடிந்ததும் 1948 நவம்பரில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் வாஷிங்டனில் கையெழுத்திட்டு யூனிஃபைடு மரை என்ற பொது மரைக்கு வந்தன. கோணம் 60 டிகிரி, அளவு அங்குலம். பிரிட்டன் விட்டுக்கொடுத்தது கோணத்தை. அங்குலத்தையே விட்டுவிட அதற்கு இன்னும் பதினேழு ஆண்டு பிடித்தது. 1965-இல்தான் மெட்ரிக்குக்கு மாறத் தொடங்கியது.

இந்தியா அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. 1956-இல் எடை அளவுத் தரச் சட்டம், 1957 ஏப்ரலில் நயா பைசா, 1960-களின் தொடக்கத்தில் கடைத்தெரு முழுக்கக் கிலோவும் லிட்டரும். உலக அளவில் பார்த்தாலும் இது வேகமான, நேர்த்தியான மாற்றம். 1947-இல் தொடங்கிய இந்தியத் தர நிறுவனம் மெட்ரிக் மரைக்கு ஐ.எஸ். 4218 என்ற தரத்தை 1960-களில் வெளியிட்டது. ஆனால் சந்தையில் படியையும் வீசையையும் ஒழித்த சட்டத்துக்குப் பட்டறைக்குள் அந்த அதிகாரம் கிடையாது. ஒரு லாரி இருபது முப்பது ஆண்டு ஓடும். அதைச் செய்யும் அச்சும் கேஜும் அதைவிட நீண்ட ஆயுள் உடையவை. அங்குலத்தில் வரைந்த எஞ்சினை மில்லிமீட்டருக்கு மாற்றினால் பழைய வண்டிக்கு உதிரிபாகம் செய்ய இன்னொரு வரிசை தொடர்ந்து ஓட வேண்டும். எந்த முதலாளி விரும்புவார்?

விளைவு, ஒரே சாலையில் இரண்டு தேசம். 1954 முதல் டாடா செய்த லாரி டைம்லர்-பென்ஸ் கூட்டுறவில் வந்தது. அது மில்லிமீட்டர் வண்டி. 1955 முதல் எண்ணூரில் அசோக் லேலண்ட் செய்தது பிரிட்டனின் லேலண்ட் நிறுவன வடிவம். அது அங்குல வண்டி. கார்களிலும் அப்படியே. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பிறந்த அம்பாசிடருக்கு அங்குல ஸ்பேனர். இத்தாலிய ஃபியட் 1100-லிருந்து பிறந்த பத்மினிக்கு மில்லிமீட்டர் ஸ்பேனர். இரண்டையும் பழுதுபார்ப்பவர் இரண்டு செட் வைத்திருந்தே ஆக வேண்டும். பிறகு கலப்பு வந்தது. அமெரிக்க ஜீப்பின் உடலில் மகிந்திரா பிரெஞ்சு பெஜோ டீசல் எஞ்சினை வைத்தது. 1992-இல் அம்பாசிடருக்குள் ஜப்பானின் இசுசு எஞ்சின் ஏறியது. பானெட்டைத் திறந்தால் எஞ்சினுக்கு ஒரு பெட்டி ஸ்பேனர், சேஸுக்கு இன்னொரு பெட்டி.

இந்த வகையில் எல்லாவற்றையும் மிஞ்சியது வடசென்னை திருவொற்றியூரில் 1955 முதல் செய்யப்பட்ட புல்லட். பழைய பிரிட்டிஷ் மோட்டார்சைக்கிளில் ஒரே மரை கிடையாது. அலுமினியத்துக்குள் போகும் இடத்தில் விட்வொர்த்தின் அகல மரை, எஃகில் 1908-இல் வந்த நெருக்கமான பி.எஸ்.எஃப். மரை, அச்சுகளில் அங்குலத்துக்கு 26 சுற்று கொண்ட சைக்கிள் மரை, மின்பாகங்களில் பி.ஏ. என்ற சின்ன மரை. இந்த பி.ஏ. மரையின் கோணம் 47.5 டிகிரி, சுவிஸ் கடிகாரத் திருகாணியிலிருந்து பிரிட்டிஷ்காரர்கள் எடுத்துக்கொண்டது. விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்த எண் வாயின் அகலத்தைக் குறிக்காது, போல்ட்டின் விட்டத்தைக் குறிக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனைக் குழப்ப இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டாம். பல பத்தாண்டுகள் கடந்து புல்லட் மெல்ல மெல்ல மெட்ரிக் ஆயிற்று. இடைக்காலத்தில் வந்த வண்டிகளைப் பிரிப்பவருக்கு எந்த மூலையில் எந்த மரை என்பது கைப்பழக்கத்தில் மட்டுமே தெரியும்.

ஆவடியின் கதை சுருக்கமானது, ஆனால் அழுத்தமானது. கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் வெளிவந்த முதல் விஜயந்தா டாங்கி, பிரிட்டன் அங்குலத்தில் இருந்த காலத்தில் விக்கர்ஸ் வரைந்தது. 1980-களின் பிற்பகுதியில் அதே வளாகத்தில் அஜேயா என்ற பெயரில் டி-72 தொடங்கியது, சோவியத் மில்லிமீட்டர். ஆவடியிலேயே உருவாக்கப்பட்ட அர்ஜுனுக்கு எஞ்சின் ஜெர்மனியின் எம்.டி.யூ. நிறுவனத்துடையது. ஒரு ராணுவத்துக்கு இது வெறும் பட்டறைச் சங்கடம் அல்ல. பாலைவனத்தில் நிற்கும் டாங்கிக்கு அனுப்பும் பெட்டியில் தவறான நட்டு இருந்தால் அந்த டாங்கி எழுந்திருக்காது.

பெரிய தொழிற்சாலைகள் இந்தக் கலப்பைக் கேஜும் ஆவணமும் வைத்துச் சமாளித்தன. சுமையை உண்மையில் தோளில் ஏற்றது அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சின்ன லேத் பட்டறைகள். லேத்தில் மரை வெட்டும்போது கருவியை நகர்த்துவது லீட் ஸ்க்ரூ என்ற நீண்ட திருகு. அது அங்குல மரையில் இருந்தால், அதை வைத்து மில்லிமீட்டர் மரை எப்படி வெட்டுவது? ஒரு அங்குலம் சரியாக 25.4 மில்லிமீட்டர். ஐந்தால் பெருக்கினால் 127. அதனால் 127 பல் கொண்ட ஒரு கியரை இடையில் மாட்டினால் கணக்கு துல்லியமாக வந்துவிடும். 127 பகா எண் என்பதால் அதைவிடச் சிறிய கியரில் இந்தத் துல்லியம் கிடைக்காது. ஆனால் ஒரு தொல்லை உண்டு. சாதாரண வேலையில் ஒரு வெட்டு முடிந்ததும் லீட் ஸ்க்ரூவைப் பற்றியிருக்கும் ஹாஃப் நட்டைத் திறந்து கருவியைப் பின்னுக்குத் தள்ளிவிடலாம். அங்குல லேத்தில் மில்லிமீட்டர் மரை வெட்டும்போது அதைத் திறந்தால் அடுத்த வெட்டு பழைய தடத்தில் விழாது. மெஷினையே பின்னோக்கி ஓட்டித்தான் கருவியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் அந்த நேரம் வீண். பீஸ் ரேட்டில் வேலை எடுத்தவருக்கு அது அவர் பணம்.

இந்த 25.4-கூட இயற்கையில் கிடைத்த எண் அல்ல. பிரிட்டிஷ் அங்குலமும் அமெரிக்க அங்குலமும் தசமத்துக்குப் பின்னால் நெடுந்தூரம் போய் வேறுபட்டுக் கிடந்தன. தொழில்துறை 1930-களிலேயே 25.4 என்று வைத்துக்கொண்டது. அரசுகள் 1959-இல் ஒப்புக்கொண்டன. அதாவது இன்று அங்குலத்தின் இலக்கணமே மில்லிமீட்டர்தான்.

மெட்ரிக் வந்துவிட்டால் சண்டை ஓய்ந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஓயவில்லை. 8 மில்லிமீட்டர் போல்ட்டின் மரை உலகெங்கும் ஒன்றாகிவிட்டது. அதன் தலை ஒன்றாகவில்லை. ஜெர்மன் வழக்கில் அந்தத் தலைக்கு 13 ஸ்பேனர், ஜப்பானிய வாகனங்களில் 12. 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு ஜப்பானியர் 14, பழைய ஜெர்மன் தரம் 17, பிறகு வந்த ஐ.எஸ்.ஓ. தரம் இரண்டுக்கும் பணியாமல் 16. 12 மில்லிமீட்டருக்கு முறையே 17, 19, 18. இந்தியத் தரம் ஐ.எஸ்.ஓ.-வைப் பின்பற்றுவதால் 16-ம் 18-ம் இங்கே அதிகாரபூர்வம். சாலையில் ஓடுவதோ எல்லாம் கலந்து. இந்தியக் கடைகளில் விற்கும் சாதாரண எட்டு உருப்படி ஸ்பேனர் செட்டைப் பார்த்தால் இதற்கான விடை தெரியும்: 6-7, 8-9, 10-11, 12-13, 14-15, 16-17, 18-19, 20-22. பன்னிரண்டு-பதிமூன்றின் ஒரு பக்கம் ஹீரோ ஹோண்டாவைக் கழற்றும். திருப்பினால் மறுபக்கம் ஐரோப்பிய வடிவத்தைக் கழற்றும். ரோட்டோர மெக்கானிக் தன் செட்டில் முதலில் தேய்த்து முடிப்பது இதைத்தான் என்று யாராவது சொன்னால் நம்பலாம். பழைய அங்குலத் தலைகளில் சிலதும் இந்தச் செட்டுக்குள் தஞ்சம் புகும். முக்கால் அங்குலம் 19.05 மில்லிமீட்டர் என்பதால் 19 பிடித்துக்கொள்ளும். 7/16 அங்குலம் 11.11; 11 ஸ்பேனர் நுழைய மறுக்கலாம், 12 போட்டால் தலை உருண்டுவிடும்.

சக்கர நட்டில் இந்தப் பேதம் பாதுகாப்புப் பிரச்சினை ஆகிறது. சுசுகியும் நிசானும் 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் 1.25 பிட்ச் வைக்கின்றன. ஹூண்டாய், ஹோண்டா, டொயோட்டா அதே 12 மில்லிமீட்டரில் 1.5 வைக்கின்றன. ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் செய்யப்படுகிறது, நிசான் ஒரகடத்தில், மாருதி எங்கும் ஓடுகிறது. மூன்றும் ஒரே டயர் கடைக்கு வரும். ஒன்றின் நட்டை இன்னொன்றின் ஸ்டட்டில் வைத்தால் கையாலேயே ஓரிரு சுற்று ஏறிவிடும், பிறகு இறுகும். கையில் ஸ்பேனர் இருப்பவர் அங்கே நிறுத்திச் சந்தேகப்படுவார். ஏர் கன் சந்தேகப்படாது. மரையைச் சிதைத்துக்கொண்டு இறங்கிவிடும். பார்வைக்கு இறுகிய நட்டு, பிடிமானமோ குறைவு.

நட்சத்திரத் திருகாணிக்கு வந்தால் நிலைமை இன்னும் நுட்பமானது. கடையில் எல்லாமே ‘ஸ்டார்’ டிரைவர்தான். அமெரிக்காவின் ஹென்றி ஃபிலிப்ஸ் 1930-களில் பரப்பிய சிலுவைத் தலையும் ஜப்பானியத் தரத்தின் சிலுவைத் தலையும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். குழியின் ஆழமும் மூலைகளின் வளைவும் சற்றே வேறு. ஃபிலிப்ஸ் டிரைவர் ஜப்பானியத் தலைக்குள் அடிவரை உட்காராமல் மேலேறி, சிலுவையை வழித்துவிடும். ஜப்பானியத் தலை பலவற்றில் ஓரமாக ஒரு சின்னப் புள்ளிக் குழி இருக்கும், அடையாளம் அதுதான். 1984-85-இல் ஓசூரின் இண்ட்-சுசுகி, ஹீரோ ஹோண்டா சி.டி. 100, யமஹா ஆர்.எக்ஸ். 100 என்று ஜப்பானிய வண்டிகள் வரிசையாக வந்தபோது எஞ்சின் மூடிகளில் இந்தத் திருகாணிகளும் வந்தன. இறுகிப்போன திருகாணியைக் கழற்ற இம்பாக்ட் டிரைவரை வைத்துச் சுத்தியலால் அடிப்பதும், தலை வழிந்தபின் உளி வைத்துத் தட்டுவதும் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் வழக்கமாயிற்று. ஜப்பானியத் தரத்தில் ஒரு டிரைவர் கையில் இருந்திருந்தால் பாதித் தலைகள் பிழைத்திருக்கும். ஐ.டி.ஐ. ஃபிட்டர் பாடத்தில் விட்வொர்த்தும் பி.ஏ.-வும் இருக்கின்றன, மாணவன் வெளியே வந்ததும் தினமும் தொடப்போகும் ஜப்பானியத் தலைக்கும் அங்கே ஓர் இடம் தர வேண்டும்.

போல்ட் தலையில் பொறித்திருக்கும் குறிகளும் நாட்டுக்கு நாடு வேறு. மெட்ரிக் போல்ட்டில் 8.8 என்றிருந்தால் சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை இழுவை தாங்கும். அதில் 80 விழுக்காட்டில் நிரந்தரமாக நீளத் தொடங்கும். 1966 முதல் பாடியில் போல்ட் செய்துவரும் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸின் டி.வி.எஸ். போல்ட்டுகள் இந்த எண்களாலேயே கடைகளில் கேட்டு வாங்கப்படுகின்றன. அமெரிக்க முறையில் எண் கிடையாது, கோடுகள். மூன்று கோடு ஏறத்தாழ 8.8-க்குச் சமம், ஆறு கோடு 10.9-க்கு. அங்குல போல்ட்டை இன்றும் பெருமளவில் பயன்படுத்தும் கேட்டர்பில்லர் இயந்திரத்தில் ஆறு கோட்டுப் போல்ட்டைக் கழற்றிவிட்டு, கையில் கிடைத்த சாதாரண போல்ட்டைப் போடுகிறவருக்கு அது பொருந்தியதாகவே தோன்றும்.

பொருந்தாத நட்டால் யாருக்கும் ஆபத்தில்லை; கடைக்குத் திரும்பி வேறு வாங்கிவிடுவார்கள். ஏறத்தாழப் பொருந்துவதுதான் ஆளைக் கொல்லும். 1990 ஜூன் 10 அன்று பர்மிங்காமிலிருந்து மலாகா சென்ற பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானத்தின் முன்கண்ணாடி நடுவானில் பிய்ந்து பறந்தது. கேப்டனின் உடல் பாதி வெளியே இழுக்கப்பட்டது. பணியாளர்கள் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி சவுதாம்ப்டனில் இறக்கினார். அனைவரும் பிழைத்தார்கள். பறப்பதற்கு ஏறத்தாழ 27 மணி நேரத்துக்கு முன்பு மாற்றிய 90 போல்ட்டுகளில் 84-இன் விட்டம் 0.026 அங்குலம் குறைவு. பழைய போல்ட்டைக் கையில் வைத்துக் கண்ணால் ஒப்பிட்டு எடுத்திருந்தார்கள். சரியான போல்ட்டுக்கும் தவறான போல்ட்டுக்கும் அங்குலத்துக்கு அதே 32 சுற்று. அதனால் எல்லாம் ஒழுங்காக ஏறின. இது இரு நாட்டுத் தரங்களின் மோதல்கூட அல்ல. ஒரே தரத்தின் அடுத்தடுத்த இரண்டு அளவுகள். தரங்களே நான்கைந்து கலந்து கிடக்கும் ஊரில் ‘ஏறுகிறதே’ என்பது எவ்வளவு பலவீனமான சாட்சி என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

மாற வேண்டியதெல்லாம் மாறிய பிறகும் அங்குலம் சில இடங்களில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. அந்த இடங்களுக்குள் ஓர் ஒற்றுமை உண்டு. அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் 1951-இல் ஹெர்குலிஸை வெளியிட்டது. அதே அம்பத்தூரில் அமெரிக்க டயமண்ட் செயின் நிறுவனத்தின் கூட்டுறவில் சங்கிலித் தொழிற்சாலையும் வந்தது. சைக்கிள் சங்கிலியின் இரண்டு பின்களுக்கு இடைவெளி அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். அன்றும் இன்றும் அதுதான். ஜப்பானிலும் ஜெர்மனியிலும் சீனாவிலும் அதுதான். ஜப்பானின் ஷிமானோ 1970-களின் பிற்பகுதியில் 10 மில்லிமீட்டர் சங்கிலியைக் கொண்டுவந்து பார்த்தது. எடை குறைவு, கணக்கும் சுத்தம். ஆனால் அதற்கேற்ற பல்சக்கரத்தை மற்றவர்கள் செய்யவில்லை. சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. பெடல் மரை 9/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 சுற்று. அதுவும் உலகப் பொது. இத்தாலியர்கள் பெடல் அச்சின் கிண்ணத்துக்கு 36 மில்லிமீட்டர் விட்டமும் அங்குலத்துக்கு 24 சுற்றுமாக, ஒரே மரைக்குள் இரண்டு முறைகளையும் குடிவைத்திருக்கிறார்கள்.

ஓர் இயந்திரத்தின் உள்ளே கிடக்கும் போல்ட்டை அதைச் செய்தவர் நினைத்தால் மாற்றிவிடலாம். இரண்டு பேர் செய்த இரண்டு பொருள் சேரும் இடத்தில் இருக்கும் அளவை ஒருவரால் மட்டும் மாற்ற முடியாது. 17 எம்.எம். சாக்கெட்டைக்கூட ‘அரை இஞ்ச்’ ராட்செட்டில்தான் மாட்டுகிறோம். சாதாரணக் கேமரா எந்த நாட்டில் செய்யப்பட்டாலும் முக்காலியில் உட்காரும் துளை கால் அங்குலம், 20 சுற்று. கம்ப்யூட்டர் பெட்டியைப் பிரித்தவர்கள் அறிவார்கள்: ஹார்டு டிஸ்க்குக்கு அங்குலத் திருகாணி, டி.வி.டி. டிரைவுக்கு 3 மில்லிமீட்டர் திருகாணி. மாற்றிப் போட்டால் ஒன்று ஆடும், மற்றது நுழையாது.

இந்தப் பட்டியலின் தலைவர் தண்ணீர்க் குழாய். வேப்பம்பட்டில் இன்று எழும்பும் வீடுகளில் சமையலறைக் குழாயைச் சுவரில் திருகும்போது பிளம்பர் வெட்டுவது, பூட்டுவது எல்லாம் விட்வொர்த்தின் 55 டிகிரி மரை. இந்தியத் தரம் அரை அங்குலக் குழாயை ‘15 மில்லிமீட்டர்’ என்று எழுதிக்கொள்கிறது. மரையின் வெளிவிட்டமோ 20.955 மில்லிமீட்டர்; 14 சுற்று ஓர் அங்குலத்துக்கு. பெயர் மட்டும் மெட்ரிக். சர்வதேசத் தர நிறுவனமே இந்த பிரிட்டிஷ் குழாய் மரையைத் தோற்கடிக்க முடியாமல் தன் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. அமெரிக்காவோ 60 டிகிரியில் நிற்கிறது. கெடுவாய்ப்பாக, அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் அமெரிக்கக் குழாய் மரைக்கும் அங்குலத்துக்கு 14 சுற்றுதான். வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த அழகான குழாய் இங்கே திருகினால் இரண்டு மூன்று சுற்று ஏறும், டெஃப்லான் டேப் சுற்றினால் நிற்கவும் நிற்கும், பிறகு சுவருக்குள் கசியும்.

மரை இல்லாத இடத்தில் குழப்பம் இன்னும் அதிகம். கட்டட வேலையில் மூத்த கொத்தனார்களும் கம்பி கட்டுபவர்களும் இன்னும் அங்குலத்தை எட்டாகப் பிரித்து நூல் கணக்கில் பேசுகிறார்கள். மூணு நூல் கம்பி என்றால் 10 மில்லிமீட்டர், நாலு நூல் என்றால் 12. உண்மையில் மூணு நூல் 9.5, நாலு நூல் 12.7; கம்பியில் இந்த வித்தியாசத்தைக் கட்டுக்கம்பி மன்னித்துவிடும். பிளாஸ்டிக் குழாய் மன்னிக்காது. ‘அரை இஞ்ச்’ என்று கேட்டால் கடையில் குறைந்தது மூன்று குழாய் எடுத்து வைக்கலாம். சுடுதண்ணீருக்கான சி.பி.வி.சி. அமெரிக்கச் செப்புக்குழாய் அளவைப் பின்பற்றுவது, வெளிவிட்டம் 15.9 மில்லிமீட்டர். மாடித் தொட்டிக்குப் போகும் யு.பி.வி.சி. அமெரிக்க இரும்புக்குழாய் அளவு, 21.3. விவசாயத்துக்கும் மோட்டாருக்கும் போகும் இந்தியத் தர பி.வி.சி. மில்லிமீட்டரில் 20. மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று பசை போட்டு ஒட்டாது. 20-ஐ 21.3-க்கான சாக்கெட்டில் பசையை அள்ளிப் பூசி நுழைத்துவிட்டுப் போகும் ஆட்களும் உண்டு. அது ஓவர்ஹெட் டேங்க் நிறைந்த அன்றோ அடுத்த கோடையிலோ தெரியும். முறையான வழி, இரண்டு பக்கமும் மரை வைத்த அடாப்டர் போட்டு, நடுவில் விட்வொர்த்தைச் சாட்சியாக வைத்துச் சேர்ப்பதுதான்.

வீடு கட்டுபவர்கள் செய்யக்கூடியது எளிது. குழாய் வாங்கும் ரசீதில் ‘அரை இஞ்ச்’ என்று மட்டும் எழுத விடாதீர்கள். எந்த வகை, எந்தத் தர எண், வெளிவிட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதி வாங்குங்கள். பூசுவதற்கு முன் சுவரைப் படம் எடுத்து அந்த ரசீதோடு வையுங்கள். சக்கரம் மாற்றும்போது முதல் நான்கு சுற்றையாவது கையால் திருகச் சொல்லுங்கள். போல்ட் வாங்கப் போனால் பழைய போல்ட்டோடு நட்டையும் எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரரிடம் பிட்ச் கேஜ் இருக்கிறதா என்று கேளுங்கள். அதன் விலை சில நூறு ரூபாய்.